தவுக்கே வீட்டு மீன்

அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியும். ஆனால் ஓடாத தண்ணீரில்தான் தெரியும். லகாட் பக்கம் ஈயம் தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன குட்டைகள் நிறைய உண்டு. வீட்டில் இருக்க வாய்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு குட்டைக் கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார் என்பது அம்மாவின் கட்சி. சில நாள் திலாப்பியா வீட்டுக்கு வரும், சில நாள் கெளுத்தி வரும். சில நாள் அப்பா மட்டும் வருவார். சட்டையின் முதுகில் புல் ஒட்டியிருக்கும்.

அப்பா லோரி ஓட்டினார். ஈப்போவில் சரக்கேற்றிக்கொண்டு ஜொகூருக்குப் போவார். அங்கே அதை இறக்கி, வேறொன்றை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போவார். நடுவில் எங்காவது லோரியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்வார். ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டில் அவர் இருந்தது வாரத்தில் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான். அதிலும் பாதி, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு. “அப்பா தூங்குறாரு, சத்தம் போடாத” என்பதுதான் சிறுவயதில் நான் அதிகம் கேட்ட பேச்சு. மற்ற பிள்ளைகள் அப்பா வந்தால் குதிப்பார்கள் என்று பள்ளியில் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா வந்தால் நான் நுனிக்காலில் நடப்பேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அம்மா மறுபடியும் பிள்ளையுண்டாகியிருந்தார். நான் பிறந்த அன்றைக்கு அப்பா மலாக்கா பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அம்மாதான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்த பிறகு அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். “இந்தப் பிள்ளைக்காச்சும் நீங்க பக்கத்துல இருக்கணுங்க” என்று ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். தலையை ஆட்டினாரா, தூங்கி விழுந்தாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போ லோரி காலியானது. ஊருக்குள்ளேயே கடை கடையாகச் சரக்கு போடும் சின்ன லோரி அது. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் கண் தெரியவில்லை என்று நின்றுவிட்டார். அப்பா தவுக்கேவிடம் போய்க் கேட்டார். சீன முதலாளியை எங்கள் ஊரில் தவுக்கே என்றுதான் சொல்வோம். மற்ற டிரைவர்களும் கேட்டார்கள். தவுக்கே எல்லாரிடமும் பார்க்கலாம் என்றார்.

தவுக்கேவுக்கு அப்போது கவலை வேறு. அவருடைய வயதான அப்பாவுக்குப் பிறந்தநாள் விருந்து. மலை ஆற்றில் கிடைக்கும் கெலா மீன் ஒன்று விருந்து மேசையில் இருக்கவேண்டும் என்று பெரியவர் ஆசைப்பட்டிருந்தார். குளத்தில் வளர்த்தது கூடாது, ஆற்றில் பிடித்ததாக இருக்கவேண்டும். தலையும் வாலும் சேர்ந்த முழு மீன்தான் விருந்துக்கு மங்கலம். அதைவிட முக்கியம், செதிலை எடுக்கக் கூடாது. கெலா மீனின் செதில் பெரிதாக இருக்கும். அதைச் செதிலோடு சமைத்து, மொறுமொறுவென்று கடித்துத் தின்பதுதான் அவர்களுக்கு விசேஷம். “அப்படி ஒரு மீன கொண்டாறவனுக்குக் கேட்டது குடுப்பேன்” என்று தவுக்கே லோரிகள் நிற்கும் இடத்தில் வைத்துப் பாதி விளையாட்டாகச் சொன்னாராம். அப்பா மற்றப் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவையும் அப்பா என்னிடம் சொன்னது ரொம்பப் பின்னால், நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு. அன்றைக்கு ஜொகூரிலிருந்து போன் பண்ணி அம்மாவிடம் அவர் சொன்னது கொஞ்சம்தான். “தவுக்கேவுக்கு ஒரு கெலா மீனு புடிச்சுக் குடுத்துட்டா ஈப்போ லோரி நமக்குத்தான்லா.” முழுசாக, செதிலோடு என்பதை அவர் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. களைத்துப்போன மனிதர்கள் பாதி விஷயத்தைத் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள். நானே இப்போது அப்படித்தான் இருக்கிறேன்.

கெலா எங்கே கிடைக்கும் என்பதற்குச் சித்தப்பாவைப் பிடித்தார். சித்தப்பா சுங்காயில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. “கெலாவா? நம்ம ஆத்துல கால விட்டா கடிக்கும்ணே. நீங்க வாங்க, நான் இருக்கேன்” என்று போனில் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

சனிக்கிழமை காலையில் அப்பா ஜொகூரிலிருந்து வந்து சேர்ந்தார். விருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குளித்தார், நின்றபடியே தேத்தண்ணீர் குடித்தார், பக்கத்து வீட்டு அக்காவின் கஞ்சில் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். என்னையும் கூட்டிப் போகச் சொன்னது அம்மாதான். மீன் பிடிக்க நான் எதற்கு? அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வழி முழுக்கப் பேசிக்கிட்டே போ. அப்பா தூங்கிடப் போறாரு.”

அப்பா இருக்கும்போது பேசு என்று எனக்கு யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. பள்ளியில் யார் யாரோடு கா விட்டிருக்கிறார்கள் என்பதில் தொடங்கி, வாய்ப்பாடு சொல்லி, மலாய் வகுப்பில் மனப்பாடம் பண்ணிய கட்டுரை ஒன்றை முழுசாக ஒப்பித்தேன். அப்பா கண்ணைக் கசக்கியபடி “ம்… அப்புறம்?” என்றார். சுங்காய் சாலை பிரியும் இடத்தில் என்னிடம் பேச்சு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு கடைப் பலகைகளையெல்லாம் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே போனேன்.

சித்தப்பா ஐஸ் பெட்டி, குடை, பிஸ்கட் டின், பாய் என்று கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி காத்திருந்தார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் காரை விட்டு, அது முடிந்த இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நடந்தோம். மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தபோது முதலில் சத்தம் கேட்டது, பிறகு ஆறு தெரிந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் பார்க்க முடிந்தது. காலை வைத்தேன், ஐஸ் தண்ணீர் மாதிரி சுரீர் என்றது. லகாட் குட்டைத் தண்ணீர் கொழகொழவென்று வெதுவெதுப்பாக இருக்கும். இது வேறு சாமான்.

அப்பா கையில் தூண்டிலோடு நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கடா போடறது?” என்று கேட்டார். “எங்க போட்டாலும் விழும்ணே” என்றார் சித்தப்பா. பிறகு மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. சித்தப்பா அந்த ஆற்றுக்கு அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறார், ஆலைக்காரர்களோடு பிக்னிக். அன்றைக்கும் அவர் மீன் பிடிக்கவில்லை, மீ கொரேங் கிண்டியிருக்கிறார். கெலா பிடித்தவர் பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் யாரோ. அப்பா தூண்டிலில் நூலைக் கட்ட ஆரம்பித்தார். திட்டவும் தெம்பு வேண்டும்.

குட்டைக்குக் கொண்டுபோகும் இரைதான் அப்பாவிடம் இருந்தது. ரொட்டியும் பிளாச்சான் என்கிற இறால் விழுதும் கொஞ்சம் கறித்தூளும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. திலாப்பியாவுக்கு அது பிரியாணி. ஆற்றில் அது கையை விட்ட உடனேயே கரைந்து, கறி வாசனையோடு கீழே போய்விட்டது. மண்புழு போட்டார். விரல் நீளப் பொடி மீன்கள் வந்து மொய்த்துத் தின்றுவிட்டுப் போயின. மிதவை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிப்போய் மரவேரில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அப்பா தண்ணீரில் இறங்கிப் போய் அவிழ்த்தார். பாதித் தூண்டில் முள் கல்லிடுக்கில் போய்விட்டது.

“இந்தத் தண்ணி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதேடா” என்றார் அப்பா. ஆற்றைப் பற்றி அப்படி ஒரு புகார் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சித்தப்பா, “நிக்கும்ணே, நேரம் ஆவ ஆவ நிக்கும்” என்று ஆறுதல் சொன்னார்.

மத்தியானம் ஆனது. கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலத்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துச் சாப்பிட்டோம். சித்தப்பா பாயை விரித்துக் குடையை முகத்தில் சாய்த்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார். அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்து, தூண்டில் கோலைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூண்டில் நூல் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது, அதன் முனையில் இரை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எழுப்பலாமா என்று யோசித்தேன். கார் ஓட்டும்போது தூங்கவிடாதே என்றுதான் அம்மா சொல்லியிருந்தார். பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பழைய சட்டப்படி அப்பா தூங்கினால் தள்ளிப் போய்விடவேண்டும். கரையோரமாகவே மேலே கொஞ்ச தூரம் நடந்தேன்.

அங்கே ஆறு வளைந்து திரும்பியது. யாரோ ஒருவருடைய சின்னத் தோட்டம் கரை வரைக்கும் வந்திருந்தது. செம்பனை மரம் ஒன்று தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. அதில் வெட்டாமல் விட்ட குலை ஒன்று முற்றிப் பழுத்து, பழம் பழமாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒன்று தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் சுழன்று குமிழியிட்டது. கல் போட்டால் அப்படி ஆகாதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொரு பழம் விழுந்தது. அடியிலிருந்து செம்பொன் நிறத்தில் ஒன்று மேலே புரண்டு வந்து, அதை விழுங்கிவிட்டு இருட்டுக்குள் போனது. என் கையைவிட நீளமாக இருந்தது. கரையில் கிடந்த உதிரிப் பழம் ஒன்றை எடுத்துப் போட்டேன், அதையும் தின்றது.

ஓடி வந்து அப்பா பக்கத்தில் நின்றேன். நின்றேனே தவிர, எழுப்ப முடியவில்லை. தூங்குகிற அப்பாவை எழுப்பியது கிடையாது, எழுப்பினால் என்ன ஆகும் என்று தெரியாது. மீன் போய்விடுமே என்று அழுகை வந்தது. கடைசியில் குனிந்து அவர் கால் பெருவிரலை மட்டும் பிடித்து, “அப்பா, சத்தம் போடாம வாங்க” என்றேன். சத்தம் போடாதே என்று எங்கள் குடும்பத்தில் ஒருவர் அவரைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வளைவுக்கு வந்து பார்த்ததும் அப்பாவின் முகத்தில் தூக்கம் கலைந்தது. “பழம் திங்குதுப்பா” என்றேன். பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்த சித்தப்பா, “அதத்தான நான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், செம்பனைப் பழம்னு” என்றார். சொல்லவே இல்லை. நாள் முழுக்க அந்தப் பழத்திலேயே கையை விட்டுக்கொண்டு வேலை செய்கிற மனுஷர், அதை மீன் தின்னும் என்று யோசித்ததே இல்லை.

அப்பா ஒரு பழத்தைத் தூண்டில் முள்ளில் குத்தி, குட்டையில் வீசுவது மாதிரி வேகமாக வீசினார். தண்ணீர் தெறித்து எல்லாம் அடங்கிப்போனது. காத்திருந்தோம். மறுபடி மரம் தானாக உதிர்க்க ஆரம்பித்து, மீன் தானாக வந்து தின்ன ஆரம்பித்த பிறகு, அப்பா மரத்தடிக்கே போய், கோலை நீட்டி, பழம் விழுவது மாதிரியே சும்மா விழவிட்டார். இரண்டு மூன்று தடவை ஓட்டத்தில் அடித்துப் போனது. அப்புறம் கோல் வளைந்தது.

அவ்வளவு நேரம் களைத்துக் கிடந்த மனிதரா அவர் என்று இருந்தது. மீன் இழுத்த பக்கமெல்லாம் கல்லுக்குக் கல் தாவி ஓடினார். ஒரு சிலிப்பர் தண்ணீரோடு போனது. முட்டியை இடித்துக்கொண்டு விழுந்து எழுந்தார், கோலை விடவில்லை. சித்தப்பா கரையிலிருந்தே “விடுங்கண்ணே! இழுங்கண்ணே!” என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் பாயோடு தண்ணீரில் குதித்தார். பாயைப் போட்டு மீனை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூண்டில் நூல் அறுத்து அப்பாவின் விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் கைதட்டினேன். அப்பா கரையோரத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்த பிறகு என்னைப் பார்த்து, “இனிமே அப்பா நம்ம வீட்லயே தூங்குவேன்லா” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் அப்பாவோடு பேசவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவரே பேசிக்கொண்டு வந்தார். ஈப்போ லோரி வந்துவிட்டால் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடலாம், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பசாருக்குப் போகலாம். நான்தான் தூங்கிவிட்டேன்.

இருட்டுவதற்குள் வீடு வந்தோம். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார். மீனின் வால் பெட்டிக்குள் அடங்காமல் மடங்கிக் கிடந்தது. அப்பா இரண்டு வாய் சோறு சாப்பிட்டார். “நாளைக்கு மத்தியானத்துக்கு மேல தவுக்கே வீட்டுக்குக் கொண்டு போவணும். கெட்டுப் போவாமப் பாத்துக்க” என்று சொன்னார். சொல்லிக்கொண்டே சாய்ந்தார். அம்மா ஏதோ கேட்டபோது அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

மறுநாள் காலை கரகரவென்று சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா பின்கட்டில் குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ஐஸ் எல்லாம் உருகித் தண்ணீராகியிருந்தது. எங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு ஒற்றைக் கதவு, அதில் அந்த மீன் முழுசாக எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாது. அப்பாவை எழுப்பிக் கேட்டிருக்கலாம். “பாவம், அசந்து தூங்குறாரு, எழுப்பாத” என்று என்னிடம் அம்மா மெதுவாகச் சொன்னார்.

அம்மா செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிறைமாத வயிறு குனிய விடவில்லை. காலை அகட்டி, வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, கொஞ்சம் சுரண்டுவதும் நிமிர்ந்து மூச்சு விடுவதுமாக வேலை நடந்தது. “விடியறதுக்கு முன்னாடியே உக்காந்தேன், முதுகு விட்டுப் போச்சு” என்றார். எதற்கம்மா இவ்வளவு என்று கேட்டேன். “பெரிய மனுசங்க வீட்டுக்குப் போறது. செதிலும் வாடையுமா தூக்கிக் குடுத்தா நம்மளப் பத்தி என்னா நெனைப்பாங்க?” என்றார். எங்கள் ஆட்களில் மரியாதை தெரிந்த எந்த அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார்.

செதிலை எடுத்து, அளவாகத் துண்டு போட்டார். தவிட்டு நிறத் தண்ணீர் வெள்ளையாகும் வரை அலசினார். உப்பும் மஞ்சளும் தடவினார். தலையை மட்டும் தனியாக இரண்டாகப் பிளந்தார். சீனர்களுக்கு மீன் தலைக் கறி என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும். வயிற்றுத் துண்டுகளை மேலே தெரியும்படி புது டப்பாவில் அடுக்கினார். நான் சிதறிக் கிடந்த செதில்களைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றும் ஐம்பது காசை விடப் பெரிதாக, வெயிலில் பிடித்தால் பொன் நிறமாக இருந்தது. பத்து விரல் நகத்திலும் ஒட்டிக்கொண்டேன், நெற்றியில் ஒன்றைப் பொட்டாக வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோலத்தில்தான் அப்பாவின் முன்னால் போய் நின்றேன். அவர் அப்போதுதான் எழுந்து பாயில் உட்கார்ந்திருந்தார். என் நெற்றியைப் பார்த்தார். “என்னா இது?” என்றார்.

“செதிலுப்பா. அம்மா எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.”

எழுந்து பின்கட்டுக்குப் போனார். அம்மா இடுப்பில் கை ஊன்றி எழுந்து, டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். வேர்த்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. “தேடிப் பாருங்க, ஒரு செதில் இருக்காது” என்றார்.

அப்பா டப்பாவைப் பார்த்தபடி நின்றார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார். பிறகு, “நல்லா சுத்தம் பண்ணியிருக்க” என்றார். “போய்க் கொஞ்சம் படு.” குளிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை, தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்கவில்லை.

மத்தியானம் அம்மா தேய்த்து வைத்திருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வாசல் வரை வந்த அம்மா, “லோரி விசயத்த மறந்துராதீங்க” என்றார். அப்பா சரி என்றார்.

தவுக்கே வீடு லகாட் சாலையில் இருந்தது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாசலில் சிவப்பு விளக்குகள் கட்டியிருந்தார்கள், கார்கள் வரிசையாக நின்றன. அப்பா வேகத்தைக் குறைத்தார். கேட்டுக்கு நேராக வந்தபோது நின்றுவிடும் போல இருந்தது. நிற்கவில்லை.

“அப்பா, வீடு போயிடுச்சு!” என்று முதுகில் தட்டினேன்.

“தெரியும்லா” என்றார்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினார். எனக்கு மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்தார், அவர் கோப்பி ஓ குடித்தார். பாதிக் கோப்பியை வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பழக்கப்படி சத்தம் போடாமல் இருந்தேன். அவர் தூங்கவில்லை என்று இப்போது தெரிகிறது. நடுவில் டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். வயிற்றுத் துண்டுகள் மஞ்சள் பூசிக்கொண்டு கொழுப்போடு மினுமினுத்தன. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அப்பாவுக்கு இந்த மீனைத் தின்ன ஆசை வந்துவிட்டது! பிடித்தது நாம், இதை எதற்கு இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்துவிட்டார். எனக்கும் காலையிலிருந்து அதே நினைப்புதான். அப்பாவும் நானும் ஒரே மாதிரி என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“போலாம்” என்று எழுந்தார். வீட்டுக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நேத்தே வேற எங்கயோ கெலா கெடச்சிருச்சாம். இத நம்ம வீட்லயே ஆக்கிச் சாப்பிடச் சொல்லிட்டாரு. இவ்ளோ சுத்தமா யாரு பண்ணதுன்னு கேட்டாரு.”

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. “நல்ல மனுசன்” என்றார். “அப்ப லோரி?”

“சொல்றேன்னு சொன்னாரு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன், சிரிப்பு வந்துவிடும் என்று.

அன்றைக்கு அம்மா முதுகு வலியை மறந்து பாதியைப் பொரித்து, தலையைக் குழம்பு வைத்தார். கார் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் போனது. மீன் எப்படி இருக்கிறது என்று அம்மா அப்பாவை மறுபடி மறுபடி கேட்டார். நல்லா இருக்கு என்று அவரும் ஒவ்வொரு தடவையும் சொன்னார். தன் தட்டில் விழுந்த வயிற்றுத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்குக் கொடுக்கிற பங்கு அது என்று எடுத்துக்கொண்டேன். அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அவர் ஜொகூருக்குப் போய்விட்டார். ஈப்போ லோரி வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதம் தம்பி பிறந்தபோது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பக்கத்து வீட்டு அக்காவின் கஞ்சில்தான். அப்பா போனில் பிள்ளை அழும் சத்தத்தைக் கேட்டார்.

அம்மா இன்றைக்கும் மீன் வாங்கினால் அந்தக் கெலாவைப் பற்றி ஒரு தடவை பேசாமல் இருக்கமாட்டார். இவ்வளவு சுத்தமாக யார் பண்ணியது என்று தவுக்கே கூடக் கேட்டாராம் என்பார். பக்கத்தில் இருந்தால் அப்பா, ஆமாம் கேட்டாரு என்பார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தவுக்கேவுக்குப் போகவேண்டிய மீனை அப்பாவும் நானும் தின்றுவிட்டோம். அது எப்படியோ தவுக்கேவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் அப்பாவைத் தண்டனையாக அத்தனை தூரம் அனுப்புகிறார். தம்பி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அழுத ஒரு மத்தியானம், சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அப்பா ஆசைப்பட்டுத் தின்ற மீன் அது, தெரிந்தால் அம்மா அவரை மன்னிக்கவே மாட்டார் என்று நினைத்து, சொல்லாமல் அப்பாவைக் காப்பாற்றினேன்.